பீலின் புதையலும் மூன்று எண் தாள்களும்

பூதம் காத்த புதையலைப் பற்றிய கதை இல்லாத ஊர் இல்லை. பாழடைந்த கோயிலின் அடியிலும் ஆலமரத்தின் வேரிலும் பொற்குடங்கள் கிடப்பதாகவும், பலி கேட்கும் பூதமொன்று அவற்றைக் காத்து நிற்பதாகவும் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தோர் பலர். ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலும் அத்தகைய கதை ஒன்று வழங்குகின்றது. ஆனால் அங்கே பொன்னைக் காத்து நிற்பவை எண்கள். மூன்று தாள்களில் நிரல்பட எழுதப்பெற்ற ஏறத்தாழ ஆயிரத்துத் தொளாயிரம் எண்கள்.

இக்கதை உலகுக்கு முதன்முதல் தெரியவந்தது 1885ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டில் லிஞ்ச்பேர்க் என்னும் நகரில் ஜேம்ஸ் வோட் என்பவர் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் விலை ஐம்பது சதம். நூலை எழுதியவர் தம் பெயரை மறைத்துக்கொண்டார். வோட் தம்மை அவருடைய முகவர் என்றே கூறிக்கொண்டார். அந்நூல் கூறும் வரலாறு வருமாறு:

1820ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் தோமஸ் ஜெபர்சன் பீல் என்னும் ஒருவர் லிஞ்ச்பேர்க் நகரில் ரொபேட் மொரிஸ் என்பார் நடத்திய விடுதிக்கு வந்து தங்கினார். குளிர்காலம் கழிந்ததும் சென்றுவிட்ட அவர், 1822இல் மீண்டும் வந்தார். திரும்பிச் செல்லுமுன் பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்றை மொரிசிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு மே மாதத்தில் சென்ற் லூயிஸ் நகரிலிருந்து அவர் எழுதிய கடிதம் வந்தது. பெட்டியைப் பத்தாண்டுகள் காக்க வேண்டும். தாமோ தம் தோழரோ திரும்பாவிடின், உள்ளிருக்கும் தாள்களைப் படிப்பதற்கான திறவுகோல் 1832 யூன் மாதத்தில் நண்பர் ஒருவர் மூலம் வந்து சேரும் என்பது அக்கடிதத்தின் சாரம். பீலும் வரவில்லை, திறவுகோலும் வரவில்லை.

சொன்ன சொல் தவறாத மொரிஸ் 1845 வரையும் பெட்டியைத் திறவாது காத்திருந்தார். திறந்தபோது கடிதங்களும், எண்கள் மட்டுமே நிறைந்த மூன்று தாள்களும் கிடைத்தன. 1817இல் முப்பது பேர் வேட்டைக்கென மேற்கே சென்றனர் என்றும், சாந்தா பே நகருக்கு வடக்கே 250 அல்லது 300 மைல் தொலைவில் பள்ளத்தாக்கு ஒன்றிற் பொன்னைக் கண்டனர் என்றும், அகழ்ந்தெடுத்ததை வேர்ஜீனியாவுக்குக் கொணர்ந்து புதைத்தனர் என்றும் கடிதங்கள் கூறின. முதுமையடைந்த மொரிஸ் 1862இல் இம்மறையைப் பெயர் அறியப்படாத நண்பர் ஒருவரிடம் வெளியிட்டார். அந்நண்பரே நூலை எழுதியவர் என்பது கதை.

அந்த நண்பர் இரண்டாம் தாளின் பூட்டைத் திறந்தார். அதற்குத் திறவுகோலாக அமைந்தது 1776ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம். பிரகடனத்தின் சொற்களுக்கு ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண் இட்டுச் செல்லவேண்டும். தாளில் உள்ள ஒவ்வோர் எண்ணும் அவ்வெண் பெற்ற சொல்லின் முதலெழுத்தைக் குறிக்கும். இரண்டாம் தாளின் தொடக்க எண் 115. பிரகடனத்தின் 115ஆவது சொல் ஆங்கிலத்தின் 'ஐ' என்னும் எழுத்தில் தொடங்குகின்றது. ஆங்கிலத்தில் 'நான்' என்பதற்குரிய சொல்லும் அவ்வோர் எழுத்தேயாகும். இவ்வாறே எழுத்தெழுத்தாகக் கூட்டியபோது வியத்தகு செய்தி வெளிப்பட்டது.

பெட்பேர்ட் மாவட்டத்தில் பியூபோட் என்னும் இடத்திலிருந்து ஏறத்தாழ நான்கு மைல் தொலைவில், நிலமட்டத்திற்கு ஆறடி கீழே, கல் பரப்பிய நிலவறை ஒன்று உண்டு. 1819 நவம்பரில் 1,014 இறாத்தல் பொன்னும் 3,812 இறாத்தல் வெள்ளியும் அங்கே வைக்கப்பட்டன. 1821 திசம்பரில் 1,907 இறாத்தல் பொன்னும் 1,288 இறாத்தல் வெள்ளியும் சேர்க்கப்பட்டன. சுமையைக் குறைக்கும் பொருட்டு வெள்ளியின் ஒரு பகுதியை மாற்றிப் பெற்ற, 13,000 டொலர் பெறுமதியான மணிகளும் உடனிருந்தன. யாவும் மூடியிட்ட இரும்புப் பானைகளில் உள்ளன. நிலவறை அமைந்த இடத்தை முதலாம் தாள் காட்டும். உரியவர்களின் பெயர்களை மூன்றாம் தாள் கூறும். இவையே அச்செய்தி.

எவ்வளவு பொன் என்பதைச் சொன்ன தாள் திறந்துகொண்டது. எங்கே பொன் என்பதைச் சொல்லும் தாளோ மூடியே கிடந்தது. ஆசையைக் கிளறுவதற்கு இதனினும் சிறந்த ஏற்பாடு வேறில்லை.

இவ்வரலாறு உண்மையானதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை நிலவுகின்றது. உண்மை என்பார் சில காரணங்களைக் காட்டுவர். மொரிஸ் கற்பனை மனிதர் அல்லர். லிஞ்ச்பேர்க்கில் வாழ்ந்து 1863இல் இறந்தவர். சாந்தா பேக்கு வடக்கேயுள்ள கொலராடோ மலைநாட்டிற் பொன் உண்டு என்பதும் பொய்யன்று. 1858இல் அங்கே பொன் கண்ட செய்தி பரவி மக்கள் திரள் திரளாகச் சென்றனர். எஞ்சிய தாள்களின் எண்களைக் கணினியால் ஆராய்ந்த காள் ஹமர் என்பவரும், அவை மனம்போன போக்கில் எழுதியவை அல்ல, ஒழுங்குடையவை என்றார்.

மறுப்போர் காட்டும் காரணங்கள் இவற்றினும் வலியவை. முதலாவது, காலத்தைப் பற்றியது. 1817இல் சாந்தா பே ஸ்பானிய ஆட்சியின் கீழ் இருந்தது. அனுமதியின்றி எல்லை கடந்த அமெரிக்கரை அவ்வாட்சி சிறைப்படுத்தியது. 1807இல் சீபுலோன் பைக் என்னும் படைத்தலைவரும் அவ்வாறே பிடிபட்டார். 1821இல் மெக்சிக்கோ விடுதலை பெற்ற பின்னரே அந்நகரின் வாயில் அமெரிக்க வணிகருக்குத் திறந்தது. அத்தகைய நகரில் முப்பது அமெரிக்கர் குளிர்காலத்தைக் கழித்து, பின்னர் மறைவாகப் பொன் அகழ்ந்து, எண்ணாயிரம் இறாத்தலை, அதாவது ஏறத்தாழ மூன்றரைத் தொன் உலோகத்தை, ஆயிரம் மைலுக்கு மேல் எவர் கண்ணிலும் படாது கொண்டுவந்தனர் என்பதை நம்புதல் அரிது.

இரண்டாவது, கடிதங்களின் மொழியைப் பற்றியது. விலங்குகள் மிரண்டு ஓடுதலைக் குறிக்கும் 'ஸ்ராம்பீட்' என்னும் சொல் 1822இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் கடிதத்தில் வருகின்றது. அச்சொல் அவ்வடிவில் ஆங்கில நூல்களில் வழங்கத் தொடங்கியது அதன் பின்னரே. ஸ்பானிய மொழியிலிருந்து பிறந்த சொல்லாதலின் மேற்கே திரிந்தவர் அதனை முன்னரே கற்றிருக்கலாம் என்று மறுமொழி கூறுவோரும் உளர். ஆனால் 1982இல் ஜோ நிக்கெல் என்னும் ஆய்வாளர், பீலின் கடிதங்களின் நடையும் பெயரற்ற நூலாசிரியரின் நடையும் ஒருவர் கையிலிருந்து வந்தனவாகவே தோன்றுகின்றன என்று எடுத்துக்காட்டினார்.

மூன்றாவது, எளிய கணக்கு. மூன்றாம் தாளில் உள்ள எண்கள் 618. முப்பது பேருடைய பெயர்களும், அவர்தம் உறவினர் பெயர்களும், வாழும் இடங்களும் அதில் அடங்கியிருக்க வேண்டும். ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்தெனின் ஒருவருக்குக் கிடைப்பவை இருபது எழுத்துகளே. ஒருவர் பெயரையும் உறவினர் ஒருவர் பெயரையும் எழுதுவதற்கே அவை போதா. ஊருக்கு இடம் ஏது?

நான்காவது காரணமே மிகவும் விந்தையானது. முதலாம் தாளின் 520 எண்களையும் சுதந்திரப் பிரகடனத்தைக் கொண்டே படித்துப் பார்த்தார் ஜேம்ஸ் ஜிலோக்லி என்னும் மறைமொழி வல்லுநர். பொருளுள்ள வாக்கியம் எதுவும் கிடைக்கவில்லை. எனினும் ஓரிடத்தில் ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகள், சிறு பிழைகளுடன், ஏறத்தாழ வரிசையாகவே வந்து நின்றன. இதனை அவர் 1980இல் வெளியிட்டார். தற்செயலாக அவ்வாறு நேர்தல் அரிதினும் அரிது. எவரோ ஒருவர் பிரகடனத்தை முன்வைத்துக்கொண்டு, செய்தி எதுவுமின்றி எண்களைப் பொறுக்கி எழுதியபோது, களைப்பினாலோ விளையாட்டாகவோ எழுத்துகளை வரிசையாக எடுத்திருக்கலாம் என்பது அவர் கொண்ட முடிபு. மறைமொழிக்குள் இன்னொரு மறைமொழி இருப்பதன் அறிகுறியே இஃது என்று நம்பிக்கையாளர் இதனையும் தமக்குச் சான்றாகக் கொண்டனர்.

இவற்றையெல்லாம் சீர்தூக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. பீல், பெட்டி, கடிதங்கள், தாள்கள் என்று பல சான்றுகள் இருப்பனபோலத் தோன்றினும், யாவும் 1885இல் வெளிவந்த அந்த ஒரே நூலிலிருந்து புறப்பட்டவை. அந்நூலுக்கு முன்னர் இக்கதையைக் கூறும் ஏடு எதுவும் கிடைத்திலது. இரும்புப் பெட்டியும் இல்லை. பீல் கைப்பட எழுதிய தாளும் இல்லை. ஒரு வாய் நான்கு குரலிற் பேசினால் அதனை நான்கு சாட்சிகள் என்று வரலாறு ஏற்பதில்லை. மறைமொழியும் புதையலும் கலந்த கதைகளுக்கு அக்காலத்திற் பெரும் வரவேற்பு இருந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது. எட்கார் அலன் போ எழுதிய பொன்வண்டுக் கதை 1843இலேயே வெளிவந்து புகழ்பெற்றிருந்தது.

கதை பொய்யாயினும் அது விளைத்த துன்பம் மெய். தாள்களை ஆராய்வதிற் காலத்தைக் கழித்துச் செல்வ நிலையிலிருந்து வறுமைக்கு வந்ததாகவும், பிறர் ஓய்வுநேரத்தை மட்டுமே இதற்குச் செலவிட வேண்டும் என்றும் நூலாசிரியரே எச்சரித்திருந்தார். எச்சரிக்கையைக் கேட்டார் சிலர். எண்களைக் கண்டு மயங்கினார் பலர். பெட்பேர்ட் மலைச்சாரலில் நூறாண்டுகளுக்கு மேலாக மண்வெட்டிகள் ஓயவில்லை. ஒவ்வொருவரும் தாமே மறைமொழியை அவிழ்த்ததாகக் கூறினர். ஒவ்வொருவர் விடையும் வெவ்வேறு இடத்தைக் காட்டியது. அயலார் நிலங்கள் இரவோடு இரவாகத் தோண்டப்பட்டன. 1983இல் தேவாலயம் ஒன்றின் இடுகாடும் தப்பவில்லை. அங்கே வெளிப்பட்டவை மனித எலும்புகளே.

பூதத்துக்குப் பலி கொடுத்தால் புதையல் கிட்டும் என்று நம்பிய பேதையரைக் கற்றோர் எள்ளுவதுண்டு. பெட்பேர்ட்டில் மண்ணைத் தோண்டியவருட் கற்றவரும் இருந்தனர், கணக்கறிந்தவரும் இருந்தனர். வாணாளையும் பொருளையும் அவர்கள் தாமாகவே பலியிட்டனர்.