சிருஷ்டியின் அடுத்த படி

1957-இல் பி. டி. தேவநந்தன் முதலியோர் பெங்களூரில் தொடங்கிய சமய, சமுதாய ஆய்வு நிறுவனம் வெளியிட்ட நூல்களுள், பி. செஞ்சையாவின் இறையியலை ஆராயும் டி. ஏ. தங்கசாமியின் நூலை நான் மிகவும் மதிக்கிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நீதிபதியாக இருந்த செஞ்சையா, கும்பகோணம் மாஸ்டர் சி. வி. வி.யின் யோகத்திலும் அரவிந்தரின் சிந்தனையிலும் தோய்ந்தவர். ஆதலின், பரிணாமக் கொள்கையைக் கண்டு சமயவாதிகள் பலர் அஞ்சிய காலத்தில், ஈசுவரன் உலகைப் படைத்து முடித்துவிட்டு ஒதுங்கி நிற்கும் சிற்பி அல்லன், ஜடத்திலிருந்து உயிரும் உயிரிலிருந்து மனமும் எழுந்ததுபோல மானிடத்தினின்றும் ஒரு புதிய சிருஷ்டியை எழுப்புகின்றவன் என்றும், இயேசுவே அப்புதிய சிருஷ்டியின் முதற்பலன் என்றும், பரிசுத்த ஆவியே அதனை இயக்கும் புதிய சக்தி என்றும் துணிந்து உரைத்தார். பாவமன்னிப்பையே மையமாகக் கொண்ட மேனாட்டு இறையியலுக்கு இது பெரும் அதிர்ச்சியாயிற்று.

1938-இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, அவரும் அவருடைய நண்பர்களும் அதன் தலைமைச் சிந்தனையாளரான ஹெண்ட்ரிக் கிரேமரை மறுத்து ஒரு தொகுப்பு நூல் வெளியிட்டனர். பிரெஞ்சுப் பாதிரியார் டெயார் த ஷார்டன் செஞ்சையாவினதை ஒத்த கருத்தை எழுதிய பெருநூல் அச்சேறியது 1955-இல்தான். ஆயினும் உலகம் டெயாரையே நினைவுகூர்கிறது, செஞ்சையாவை அல்ல.