திருவனந்தபுரத்துத் திரையொளி

தாயகம் விட்டு அயல்மாநிலங்களில் வாழும் நாம், தமிழ்ப்படம் வந்தால் ஆவலோடு அரங்கிற்குச் செல்கின்றோம். திரையிலே கண்பதிக்கும் நாம், முதுகுக்குப் பின்னே சுவரின் சிறு துளைக்கப்பால் நின்று ஒளியைக் காத்த ஆபரேட்டரை எண்ணியதுண்டா? அவருடைய தொழிலைத் திருவனந்தபுரத்தின் வரலாற்றோடு சேர்த்து இன்று காண்போம்.

திருச்சியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கி, ஊர்தோறும் கூடாரமடித்துப் படம் காட்டினார். திருவனந்தபுரம் நகருக்கு மின்சாரம் வந்தது 1929-இல்தான். மின்கம்பி எட்டாத ஊர்களில் எண்ணெய் எஞ்சினும் டைனமோவுமே துணை.

பழைய புரொஜெக்டரின் உயிர் கார்பன் ஆர்க் விளக்கு. இரு கார்பன் கோல்களைத் தொடச்செய்து சிறிது விலக்கினால், இடைவெளியில் ஒளி பிறக்கும். எரிய எரியக் கோல் குறையும். இடைவெளி அகன்றால் விளக்கு அணையும். ஆகவே ஒளி போனவுடன் ஆபரேட்டர் முதலில் பியூஸைப் பார்ப்பார். பின்பு ரெக்டிபயரிலிருந்து நேர்மின்னோட்டம் வருகின்றதா என்று அளப்பார். அதன்பின் கோல்களையும், அவற்றை முன்னே தள்ளும் சிறு மோட்டாரையும் ஆராய்வார். ஒளி நடுங்கினால், கோலில் ஈரமோ, அதைப் பற்றும் பிடியில் தளர்ச்சியோ இருத்தல் கூடும்.

படம் ஓடி ஒலி மட்டும் நின்றால் வழி வேறு. ஒலிப்பட்டைமீது ஒளி பாய்ச்சும் சிறு விளக்கு எரிகின்றதா என்று முதலில் காண்பார். எரிந்தால், அவ்வொளியின் குறுக்கே ஓர் அட்டையை அசைப்பார். ஒலிபெருக்கியில் 'டொப்' என்று கேட்டால் ஒளிமின்கலமும் ஆம்ப்ளிபயரும் நலமே. குற்றம் படச்சுருளிலோ, லென்சிலோ தேடத்தக்கது. ஒன்றும் கேளாவிடில் மின்கலத்தையோ ஆம்ப்ளிபயரையோ ஐயுற வேண்டும். இடைவிடாத இரைச்சல் கேட்டாலோ, மின்தேக்கி பழுதுற்றிருக்கலாம்.

இவ்வாறு படிப்படியாகத் தேடினால் கருவியின் குற்றம் அகப்பட்டுவிடும். ஆனால் அதே நகரில், கருவியைச் சாராத ஒரு குற்றமும் ஒரு படத்தைக் குலைத்தது. அகத்தீசுவரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல், தம் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் படநிலையம் அமைத்து, மலையாளத்தின் முதற்படமாகிய 'விகதகுமாரன்' எடுத்தார். அது கேப்பிட்டல் அரங்கில் வெளியான ஆண்டை 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்த பி.கே. ரோசி அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்தார். அதைப் பொறாதவர் திரைமீது கல்லெறிந்தனர். ரோசி ஊரைவிட்டே நீங்க நேர்ந்தது; டேனியல் பொருளிழந்தார். அப்படத்தின் பிரதியும் இன்று இல்லை.

டேனியல் 1975-இல் மறைந்தார். கேரள அரசு 1992 முதல் அவர் பெயரால் விருது வழங்கி வருகின்றது. அரங்குகளில் எண்முறைக் கருவிகள் வந்தபின் ஆர்க் விளக்குகளும் அணைந்தன. கருவியின் பழுதைக் கண்டறிய ஒரு முறை இருந்தது; மாந்தர் உள்ளத்துப் பழுதைக் கண்டறியவோ, வரலாற்றை மறவாதிருத்தலே முறை. ரோசியின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.