பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கையும் சேர்வராயன் மலையும்

பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கை என்பது காப்பியை விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் 1962ஆம் ஆண்டு நியூயார்க்கில், ஐக்கிய நாடுகள் அவை கூட்டிய மாநாட்டில் செய்துகொண்ட ஒப்பந்தமாகும். விளைவிக்கும் தரப்பில் இலத்தீன் அமெரிக்க, ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் இருந்தன. வாங்கும் தரப்பில் முதன்மையானவை அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பிய நாடுகளும். உடன்படிக்கையை நடத்துவதற்காக 1963இல் இலண்டனில் பன்னாட்டுக் காப்பி அமைப்பு தொடங்கப்பட்டது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடாக இருந்ததால், சேலம் மாவட்டத்து மலைத் தோட்டக்காரரின் வருமானமும் இலண்டன் கூட்டங்களோடு பிணைந்தது.

சேர்வராயன் மலைக்குக் காப்பி 1820களில் வந்தது. அப்போது சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் அதை அங்கே அறிமுகப்படுத்தினார். ஏற்காட்டைச் சுற்றியுள்ள மஞ்சக்குட்டை போன்ற ஊராட்சிகளில் இன்று காணும் நிலக்காட்சி அதிலிருந்து வளர்ந்ததே. எத்தியோப்பியாவில் தோன்றி அரேபியா வழியாக வந்த அராபிக்கா செடி, அதற்கு நிழல் தர ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் மரம், அந்த மரத்தில் ஏறும் நம் மிளகுக் கொடி என ஒரே தோட்டத்தில் மூன்று கண்டங்கள் கூடியிருக்கின்றன. பெரிய எஸ்டேட்டுகளோடு, மலையாளி பழங்குடியினர் உள்ளிட்ட சிறு விவசாயிகளும் இங்கே காப்பி வளர்க்கிறார்கள்.

உடன்படிக்கை பிறந்ததற்குக் காரணம் 1950களின் பிற்பகுதியில் ஏற்பட்ட விலைச் சரிவு. உலகில் தேவைக்கு மேல் காப்பி விளைந்தது. ஏற்றுமதி வருவாய்க்குக் காப்பியையே நம்பியிருந்த நாடுகள் தத்தளித்தன. கியூபப் புரட்சிக்குப் பின், வறுமை இன்னொரு புரட்சியைக் கொண்டுவந்துவிடும் என்ற அச்சம் கென்னடி அரசுக்கு இருந்தது. விலை உயர்ந்தால் தன் மக்களே அதிகம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தும் அமெரிக்கா இசைந்தது இதனால்தான். கருணையைவிட அரசியல் கணக்கே இதில் மிகுதி.

ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு ஏற்றுமதி நாட்டுக்கும் ஒரு கோட்டா உண்டு. விலை இறங்கினால் கோட்டா குறையும், ஏறினால் கூடும். 1980களில் பவுண்டுக்கு 120 முதல் 140 சென்ட் வரை என்பது இலக்கு. அவையில் ஏற்றுமதி நாடுகளுக்கு மொத்தம் 1000 வாக்குகள், இறக்குமதி நாடுகளுக்கும் 1000 வாக்குகள். எந்த ஒரு நாட்டுக்கும் 400க்கு மேல் இல்லை. ஏழை நாடுகள் பணக்கார நாடுகளோடு சரிசமமாக வாக்களித்த உலக அமைப்புகள் அக்காலத்தில் குறைவு. காப்பியை மட்டும் நம்பாமல் வேறு பயிர்களுக்கும் மாற உதவுவதற்காக 1968 உடன்படிக்கையில் ஒரு நிதியும் உருவாக்கப்பட்டது.

கூடுதலாகக் கிடைத்த பணம் விவசாயியிடம் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. பல ஆப்பிரிக்க நாடுகளில் அதன் பெரும்பகுதி அரசு வாரியங்களிலும் வரியிலும் தங்கிவிட்டது. நல்லாட்சி என்ற சொல் அப்போது இந்தப் பேச்சில் புழங்கவில்லை. ஆனால் சிக்கல் அதுதான். இந்தியாவில் காப்பி வாரியத்தின் 'பூல்' முறை இருந்தது. 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி, விவசாயி தன் விளைச்சலை வாரியத்திடமே ஒப்படைக்க வேண்டும். வாரியம் விற்றுப் பணத்தைத் தவணைகளில் தரும். விற்பனைக்கு உறுதி இருந்தது, ஆனால் முழுத் தொகைக்குக் காத்திருக்க வேண்டும். கோட்டாவில் இந்தியாவின் பங்கு சிறியது. உடன்படிக்கைக்கு வெளியே இருந்த சோவியத் ஒன்றியம் ரூபாய் வணிகத்தில் இந்தியக் காப்பியை நிறைய வாங்கியது.

அந்த வெளிச்சந்தையே உடன்படிக்கையை அரித்தது. உறுப்பினரல்லாத நாடுகளுக்குக் குறைந்த விலையில் காப்பி போவதை அமெரிக்கா எதிர்த்தது. தரமான அராபிக்காவுக்குக் கூடுதல் கோட்டாவும் கேட்டது. ஏறத்தாழ 30 விழுக்காடு பங்கு வைத்திருந்த பிரேசில் தன் பங்கை விட்டுத்தர மறுத்தது. பனிப்போரின் அச்சமும் தணிந்திருந்தது. 1989 சூலை 4 அன்று கோட்டாக்கள் நிறுத்தப்பட்டன. சில மாதங்களில் விலை ஏறக்குறைய பாதியானது.

இந்தியாவுக்கு அடுத்த அடி 1991இல் விழுந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்ததால் பழகிய வாடிக்கையாளர் இல்லாமல் போனார். பூல் முறையும் படிப்படியாகத் தளர்ந்தது. 1992இல் விளைச்சலில் ஒரு பகுதியை உள்நாட்டில் தாமே விற்க விவசாயிகளுக்கு அனுமதி கிடைத்தது. 1996இல் எல்லாருக்கும் முழு உரிமை வந்தது. 1994இல் பிரேசிலில் பனி தாக்கி உலக விலை ஏறியிருந்ததால், அந்த ஆண்டுகளில் சுதந்திரம் இனித்தது. பிறகு வியட்நாமின் விளைச்சல் பெருகியது. 2001இல் பன்னாட்டுக் காப்பி அமைப்பின் சராசரி விலை பவுண்டுக்கு 46 சென்ட் அளவுக்கு இறங்கியது. இம்முறை மலை விவசாயிக்கும் சந்தைக்கும் நடுவில் கோட்டாவும் இல்லை, பூலும் இல்லை.

அமைப்பு மறையவில்லை. 1993இல் விலகிய அமெரிக்கா 2005இல் திரும்பி வந்து, 2018இல் மீண்டும் விலகியது. 2023 செப்டம்பரில் உலகக் காப்பி மாநாடு ஆசியாவில் முதன்முறையாகப் பெங்களூருவில் நடந்தது. 2007 உடன்படிக்கை நீடித்த வளர்ச்சி, சிறு விவசாயிக்குக் கடன் வசதி ஆகியவற்றைப் பேசுகிறது. அதிலும் இரு தரப்புக்கும் ஆயிரம் ஆயிரம் வாக்குகள் உண்டு. விலையை நிர்ணயிக்கும் பிரிவு மட்டும் இல்லை.