காந்த நாடாவும் காலப் பிழையும்

1956-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்க ஒலிபரப்பாளர்கள் சிகாகோ நகரில் கூடியபோது ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் இயக்கிக் காட்டிய வீடியோ யந்திரமானது, நிமிஷத்துக்கு 14,400 தடவை சுழலும் சக்கரத்தில் பொருத்திய நான்கு தலைகளைக் கொண்டு, இரண்டங்குல அகலமுள்ள காந்த நாடாவில் காட்சிகளைப் பதிப்பதாகவும், சுமார் 50,000 டாலர் விலையுள்ளதாகவும் இருந்தபடியால், அதனை வாங்கும் சக்தி தொலைக்காட்சி நிலையங்களுக்கே வாய்த்தது.

அவ்வளவு பொருள் செலவழித்தும் ஒரு குறை எஞ்சியது. நாடா இழுபடும், சக்கரத்தின் கதி அணுவளவு பிசகும், அதனால் படத்தின் ஒவ்வொரு வரியும் தாளம் தப்பிய ஜதியைப் போல் முந்தியோ பிந்தியோ வந்து சேரும். இக்காலப் பிழையைக் களையவே நிலையத்தார் 1960-களில் மின்னணுச் சாதனங்களையும், 1970-களில் ‘டைம் பேஸ் கரெக்டர்’ என்னும் டிஜிட்டல் கருவிகளையும் கைக்கொண்டனர்.

1976-இல் ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கென விஹெச்எஸ் யந்திரத்தை வெளியிட்டபோது, திருத்தும் அங்கத்தை அதில் சேர்க்கவில்லை. அக்காலத்துப் படக்குழாய்த் தொலைக்காட்சி அத்தகைய பிசகை ஓரளவு அனுசரித்துச் செல்லும் சுபாவமுடையதாகையால், அந்தச் சிக்கனம் நியாயமானதே. அதனாலன்றோ சாமானியக் குடும்பங்களின் கல்யாணக் காட்சிகளும் நாடாவில் ஏறின! ஆனால், அதே கேசட்டை இன்று டிஜிட்டலாக மாற்றப் புகுவோர் மலிவான யூஎஸ்பி கருவியொன்றில் இணைக்கும்போது, காலம் தவறாத வரிகளையே எதிர்பார்க்கும் அக்கருவி தடுமாறுகிறது. படத்தின் மேற்பகுதி வளைகிறது, சில பிரேம்கள் விடுபடுகின்றன, ஒலியும் காட்சியும் பிரிந்து போகின்றன.

ஆகவே, பதிவு செய்யும் பெட்டிக்குப் பொருளைக் கொட்டுமுன், நாடாவை ஓட்டும் யந்திரத்தைக் கவனிப்பதே விவேகமென்பது என் திடமான அபிப்பிராயம். பிழை பிறக்குமிடம் அதுவேயல்லவா? 1987-இல் தோன்றிய எஸ்-விஹெச்எஸ் வகையில் பிற்பாடு வந்த உயர்தர யந்திரங்கள் சில, பானசோனிக்கின் ஏஜி-1980 போன்றவை, திருத்தும் அங்கத்தைத் தம்முள்ளேயே கொண்டிருந்தன. ஆயினும், 2016-இல் ஜப்பானின் பூனாய் நிறுவனமும் விஹெச்எஸ் உற்பத்தியை நிறுத்திவிட்டபடியால், இன்று கிடைப்பவை யாவும் முதுமையுற்றவை. அவற்றின் கெப்பாசிட்டர்கள் பழுதடைந்து வருகின்றன. அதிகம் செலவிட இயலாதவர்கள், சிக்னலைத் தன்னூடே செலுத்தி ஒழுங்குபடுத்தித் தரும் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை இடையில் இணைத்து, அதன்பின் மலிவான கருவியில் பதிவதுண்டு. எல்லா ரெக்கார்டரும் இப்பணிக்கு உதவா என்றாலும், உதவுபவை பெருந்தொகை கோரும் கருவிகளின் பலனில் பெரும்பகுதியைத் தந்துவிடுகின்றன.

அண்மையில் ஆர்வலர் சிலர் வேறொரு மார்க்கம் கண்டுள்ளனர். வீடியோத் தலை பெறும் மூல அலையை, யந்திரத்தின் பிற சுற்றுகள் தொடுமுன்பே பறித்துக் கணினியில் சேமித்து, காலத்திருத்தம் முழுவதையும் மென்பொருளின் கணிதத்தாலேயே செய்துவிடுகிறார்கள்; இதற்குத் தலை பழுதுபடாத சாதாரண வீட்டு யந்திரமே போதுமானது.