கார்பெட் கம்பெனி ஏறிய மலை

சுற்றுச்சூழலைப் பார்த்தால் வியாபாரம் பார்க்க முடியாது என்பது தொழில் உலகில் வெகுகாலமாக இருந்துவரும் எண்ணம். மரம் நடுவது, நன்கொடை கொடுப்பது எல்லாம் லாபம் வந்த பிறகு செய்யும் தர்ம காரியங்கள். தொழிற்சாலைக்குள் அந்தப் பேச்சே வரக்கூடாது என்பார்கள். அந்தப் பேச்சைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்து, அதை வைத்தே தன் கம்பெனியை வளர்த்துக் காட்டியவர் ரே ஆண்டர்சன். அவர் நடத்தியது இன்டர்ஃபேஸ் என்ற அமெரிக்க கார்பெட் நிறுவனம்.

பெட்ரோலியத்தில் பிறந்த கார்பெட்

1973-ல் ஜார்ஜியா மாநிலத்தின் லாகிரேஞ்ச் நகரில் ஆண்டர்சன் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். சுருட்டி விற்கும் கார்பெட் அல்ல, தரையில் பதிக்கும் டைல்ஸ் போலச் சதுரம் சதுரமாக வரும் கார்பெட். ஓரிடத்தில் கறை பட்டால் அந்த ஒரு சதுரத்தை மட்டும் மாற்றினால் போதும். அலுவலகங்கள் விரும்பி வாங்கின, நிறுவனம் வளர்ந்தது.

ஆனால் அந்தக் கார்பெட்டின் நைலான் நூல் பெட்ரோலியத்திலிருந்து வருவது. தேய்ந்துபோன பழைய கார்பெட் போய்ச் சேருவதோ குப்பைமேட்டுக்கு. அங்கே அது மட்காமல் கிடக்கும். சட்டம் சொல்வதைச் செய்தால் போதும் என்றுதான் 21 ஆண்டுகள் ஆண்டர்சனும் இருந்தார்.

1994: திருப்பம்

அந்த ஆண்டில் சில வாடிக்கையாளர்கள், "சுற்றுச்சூழலுக்காக உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பதில் தயாரிக்க ஊழியர்கள் ஒரு குழு அமைத்து, முதலாளியைப் பேச அழைத்தார்கள். அவரிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை! அந்த நேரத்தில் பால் ஹாக்கன் எழுதிய 'வணிகத்தின் சூழலியல்' என்ற புத்தகம் அவர் கைக்கு வந்தது.

அலாஸ்காவை ஒட்டிய செயின்ட் மேத்யூ தீவின் கதை அதில் வருகிறது. 1944-ல் அங்கே 29 பனிமான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். தின்னத் தின்னப் பெருகி 1963-ல் அவை 6,000 ஆயின. மேய்ச்சல் தீர்ந்தது. 1966-ல் மிஞ்சியவை 42 மட்டுமே. படித்தபோது நெஞ்சில் ஈட்டி பாய்ந்தது போல இருந்தது என்று பின்னாளில் ஆண்டர்சன் சொன்னார். அப்போது அவருக்கு வயது 60. நிறுவனம் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் கெடுதலைப் பூஜ்யமாக்குவது என்று முடிவெடுத்தார். அதற்குப் பின்னாளில் குறிக்கப்பட்ட கெடு 2020. எவரெஸ்டைவிட உயரமான மலை ஏறுவது போன்ற வேலை இது என்று அவரே சொல்வார்.

கழிவு என்றால் என்ன?

முதல் வேலை கழிவைக் குறைப்பது. வாடிக்கையாளருக்குப் பயன் தராத எந்தச் செலவும் கழிவுதான் என்று புதிய இலக்கணம் வகுத்தார்கள். வெட்டி எறியும் துண்டு மட்டுமல்ல, நிலக்கரியாலும் பெட்ரோலியத்தாலும் கிடைக்கும் மின்சாரமும் வெப்பமும்கூட அந்தக் கணக்கில் சேர்ந்தன. லாகிரேஞ்ச் குப்பைமேட்டில் கிளம்பும் மீத்தேன் வாயுவைக் குழாய் வழியாக எடுத்துத் தொழிற்சாலையில் பயன்படுத்தினார்கள்.

அடுத்தது வடிவமைப்பு. காட்டின் தரையில் உதிர்ந்து கிடக்கும் இலைகளைப் பார்த்து, வடிவமைப்பாளர் டேவிட் ஓக்கியின் குழு 'என்ட்ரோபி' என்ற கார்பெட்டை உருவாக்கியது. அதில் ஒரு சதுரம் போல் இன்னொன்று இருக்காது. எந்தத் திசையிலும் பதிக்கலாம். நிறம் சற்று மாறினாலும் தெரியாது என்பதால் தள்ளுபடியாகும் சரக்கு குறைந்தது. குறுகிய காலத்தில் அதிகம் விற்கும் ரகங்களில் ஒன்றாகவும் அது ஆனது.

எல்லாம் வெற்றி பெறவில்லை. கார்பெட்டை விற்காமல் மாத வாடகைக்குக் கொடுத்து, தேய்ந்ததைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்யும் திட்டம் ஒன்று இருந்தது. யோசனை நல்லதுதான். ஆனால் கார்பெட்டை ஒரேயடியாக வாங்கிப் போட்டுவிடுவதுதான் நிறுவனங்களின் பழக்கம். மாதாமாதம் வாடகை கட்டும் கணக்கு அவர்களுக்கு ஒத்துவரவில்லை. திட்டம் படுத்துவிட்டது.

கணக்கு என்ன சொன்னது?

2009-ல் ஒரு மேடையில் ஆண்டர்சன் கணக்கை வாசித்தார். 1996 முதல் நிகரப் பசுமைக்குடில் வாயு வெளியேற்றம் 82 சதவீதம் குறைந்திருந்தது. அதே காலத்தில் விற்பனை மூன்றில் இரண்டு பங்கு கூடியது, லாபம் இரட்டிப்பானது. கழிவைக் குறைத்ததில் மிச்சம் சுமார் 40 கோடி டாலர். மாற்றத்துக்கான முழுச் செலவையும் அந்த மிச்சமே கட்டிவிட்டது என்றார்.

2011-ல் ஆண்டர்சன் மறைந்தார். 2019-ல் இலக்கை எட்டிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை நிறுவனமே சொல்லும் கணக்குகள். மூலப்பொருள் தயாரிப்பவர்கள் வெளியிடும் புகையையும் சேர்த்துப் பார்த்தால் வேலை முடியவில்லை. அதனால்தான் 2016-லேயே அடுத்த இலக்கையும் நிறுவனம் அறிவித்தது.

இருந்தாலும் இந்த வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. வளங்குன்றா வளர்ச்சியை ஆண்டுவிழா மலரில் ஒரு பக்கமாக ஆண்டர்சன் வைக்கவில்லை. எதை வாங்குவது, எதை வடிவமைப்பது, எதை நஷ்டமாக எழுதுவது என்ற அன்றாட முடிவுகளுக்குள் வைத்தார். கழிவு நஷ்டக் கணக்கில் ஏறியதும், அதைக் குறைக்கும் வழியை ஊழியர்களே தேடினார்கள். தர்மமாக மட்டும் செய்திருந்தால், வியாபாரம் மந்தமான முதல் வருடத்திலேயே அது நின்றுபோயிருக்கும்!