அரசியின் முகமும் குடிகளின் கோபமும்

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் செய்யுளியல் நடத்திக்கொண்டிருந்தேன். அங்கதத்தைத் தொல்காப்பியர் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் இரண்டாகப் பகுப்பதை விளக்கி, அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையின் பாட்டை எடுத்துக்காட்டினேன். வழக்கமாக அந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும், சிரித்தது. பின் வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, தொண்டைமானுக்குக் கோபம் வந்திருக்கும், சரி. பக்கத்தில் நின்ற அவன் ஊர்க்காரர்களுக்கு என்ன வந்திருக்கும்? சிரித்திருப்பார்களா, அடிக்க வந்திருப்பார்களா?"

எனக்கு விடை தெரியவில்லை. நம் பழம்பாடல்களில் புலவர் இருக்கிறார், வேந்தன் இருக்கிறான். சுற்றி நின்றவர்களின் முகம் பதிவாகவில்லை. ஆனால் அந்த முகம் நன்றாகப் பதிவான நாடு ஒன்று உண்டு. அரச குடும்பத்தை இன்னும் வைத்துக்கொண்டிருப்பதும், அதைத் தொலைக்காட்சியில் வெளுத்து வாங்கியதுமான பிரிட்டன். அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு நான் படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

1984 பிப்ரவரி 26ஆம் நாள், ஞாயிறு இரவு, ஐ.டி.வி. அலைவரிசையில் 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்ற பொம்மை நாடகம் தொடங்கியது. ஆங்கிலத்தில் இத்தொடருக்கு 'அச்சு அசல் அதே முகம்' என்று பொருள். துப்புவது என்ற பொருளும் உள்ளே ஒளிந்திருக்கிறது. (கரந்த அங்கதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு.) பீட்டர் ஃபிளக், ரோஜர் லா என்ற இரண்டு ஓவியர்கள் கேம்பிரிட்ஜ் ஓவியப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். பத்திரிகைகளுக்காகக் களிமண்ணில் தலைவர்களின் உருவங்களைக் கோணலாக வனைந்து படமெடுத்துக் கொடுத்துவந்தனர். அவ்வுருவங்களே ரப்பர் பொம்மைகளாகி அசையத் தொடங்கின. தாட்சர், ரீகன் ஆகியோருடன் எலிசபெத் அரசி, கணவர் ஃபிலிப், பெருங்காதுடைய சார்லஸ், டயானா என்று அரண்மனையே அங்கே குடியேறியது. உச்சக்கட்டத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் பார்த்த நிகழ்ச்சி இது.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். 1737இல் பிரதமர் வால்போல் கொண்டுவந்த சட்டத்தின்படி, லண்டனில் எந்த நாடகத்தையும் மேடையேற்றுமுன் 'லார்ட் சேம்பர்லின்' என்ற அரண்மனை அதிகாரியிடம் எழுத்துப்படியைக் காட்டி உரிமம் பெறவேண்டும். இவர் அரசரின் வீட்டு நிர்வாகி என்பதைக் கவனிக்கவேண்டும். ஆளும் அரசரை மேடையில் காட்டவே முடியாது. இறந்துபோன விக்டோரியா அரசியைப் பற்றி, அதுவும் மரியாதையாக, லாரன்ஸ் ஹௌஸ்மன் எழுதிய நாடகம்கூட 1937 வரை பொது அரங்குகளில் ஏற முடியாமல் காத்திருந்தது. இந்தத் தணிக்கை ஒழிந்தது 1968இல். கணக்கிட்டால் 231 ஆண்டுகள்.

விந்தை என்னவென்றால், இதே காலத்தில் அச்சுப்படங்களுக்கு இத்தகைய முன்தணிக்கை இல்லை. ஜேம்ஸ் கில்ரே 1792இல் பட்டத்து இளவரசரைத் தொந்தி சரியச் சாய்ந்து பல் குத்தும் பெருந்தீனிக்காரராக வரைந்தார். அதற்கு இணையாக, அவருடைய தந்தை மூன்றாம் ஜார்ஜை முட்டை ஒன்றை வைத்துக்கொண்டு சிக்கனமாக உண்ணும் கருமியாகவும் வரைந்தார். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஹானா ஹம்ஃப்ரி அம்மையாரின் கடைச் சன்னலில் இவை தொங்கும். தெருவே கூடி நின்று பார்க்கும். அந்த இளவரசர் என்ன செய்தார்? தம்மைக் கிண்டல் செய்த படங்களைத் தாமே வாங்கிச் சேர்த்தார். நான்காம் ஜார்ஜாக ஆன 1820இல், தம்மை ஒழுக்கக்கேடான நிலையில் வரையமாட்டேன் என்று உறுதி தரும்படி ஜார்ஜ் குருக்ஷாங்க் என்ற ஓவியருக்கு 100 பவுண்டு கொடுத்தார். அதற்கு ரசீதும் இருக்கிறது! வின்ட்சர் கோட்டையில் சேர்ந்திருந்த இத்தகைய ஆயிரக்கணக்கான கேலிப்படங்கள் 1921இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு விற்கப்பட்டன.

ஆக, அரசரின் எதிர்வினை எளிதில் விளங்குவது: வாங்குவார், மறைப்பார், காசு கொடுப்பார், சிலவேளை சிரிப்பார். குடிகளின் எதிர்வினைதான் சிக்கலானது.

1957 ஆகஸ்டில் ஆல்ட்ரிங்கம் பிரபு (பின்னாளில் ஜான் கிரிக் என்று அறியப்பட்டவர்) தாம் நடத்திய சிற்றிதழ் ஒன்றில், அரசியின் பேச்சு பள்ளிச் சிறுமியின் பேச்சுப்போல் இருக்கிறது என்றும், அவரைச் சுற்றியிருப்போர் மேட்டுக்குடி வட்டத்தினர் மட்டுமே என்றும் எழுதினார். இது கேலியன்று, கவலையோடு சொன்ன விமரிசனம். அவர் முடியாட்சியின் ஆதரவாளரும்கூட. ஆனால் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றை முடித்துத் தெருவுக்கு வந்த அவரை, ஒரு முதியவர் கன்னத்தில் அறைந்தார். நீதிமன்றம் அம்முதியவருக்கு விதித்த தண்டம் ஒரு பவுண்டு. ஆல்ட்ரிங்கம் என்ற ஊரின் நகர மன்றமோ, எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய இவருக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை என்று அறிக்கை விட்டது. அதே ஆண்டு மால்கம் மக்கரிட்ஜ் என்ற இதழாளர் அமெரிக்க ஏடு ஒன்றில் முடியாட்சியைப் பற்றி எழுதியதற்கு வசைக் கடிதங்கள் குவிந்தன, பி.பி.சி. அவரைச் சிலகாலம் ஒதுக்கிவைத்தது. அறைந்தவர் அரண்மனை ஊழியர் அல்லர். கடிதம் எழுதியவர்களும் அல்லர். அரண்மனை தன் பங்குக்கு அடுத்த ஆண்டே, மேட்டுக்குடிப் பெண்கள் அரசியின் முன் வந்து வணங்கி அறிமுகமாகும் பழைய சடங்கை நிறுத்திவிட்டது! பிரபு குறைகூறியவற்றுள் அதுவும் ஒன்று.

1962இல் பி.பி.சி. தொடங்கிய 'தட் வாஸ் தி வீக் தட் வாஸ்' என்ற நையாண்டி நிகழ்ச்சி இன்னொரு படி. அதில் வந்த ஒரு சிறு காட்சியை நான் மிகவும் ரசிப்பதுண்டு. அரசி ஏறிய படகு மூழ்குகிறது. வருணனையாளரோ, அரச விழாக்களை நேர்முகம் செய்யும் அதே பக்திக் குரலில், சற்றும் பதற்றமின்றி, அரசி நீந்துவதையும் அவர் உடுத்தியிருக்கும் உடையின் நிறத்தையும் விவரித்துக்கொண்டே போகிறார். இங்கே கேலிக்குரியவர் அரசியா? இல்லை. வருணனையாளர், அவர் வழியாக, அக்குரலைக் கேட்டு மயங்கிப் பழகிய பார்வையாளர். எழுதிய இளைஞர் இயன் லாங், பிற்காலத்தில் கன்சர்வேட்டிவ் அரசில் ஸ்காட்லாந்துக்குப் பொறுப்பான அமைச்சரானார். ராஜத்துரோகியாகத் தெரியவில்லை.

இனி பொம்மைகளுக்கு வருவோம். முதல் நிகழ்ச்சியிலேயே அரச குடும்பக் காட்சிகள் வெட்டப்பட்டன. தயாரித்த சென்ட்ரல் நிறுவனத்தின் புதிய படப்பிடிப்பு நிலையத்தைச் சில நாள்களில் ஃபிலிப் கோமகன் திறந்துவைப்பதாக இருந்தது. அவர் மனம் நோகக்கூடாதாம். திறப்பு விழா முடிந்தபின் பொம்மை ஃபிலிப் கடற்படை உடையில் தடையின்றி நடமாடினார். இந்த அளவு நாசூக்கு எந்த ஊர் அலுவலகத்துக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

உண்மையான கொந்தளிப்பு எழுந்தது வேறொரு பொம்மைக்கு: அரசியின் தாயார், அதாவது ராஜமாதா. அவரைக் காட்டலாமா என்பதே அப்போது விவாதமாயிற்று. கடைசியில் அவர் வந்தார், கையில் ஜின் மது, குதிரைப் பந்தயத் தாள், வாயில் பர்மிங்ஹாம் வட்டாரப் பேச்சு. செய்தித்தாள்கள் பொங்கின. அரசியைக் காட்டியபோது பொறுத்துக்கொண்டவர்கள், எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டியைக் காட்டியபோது பொறுக்கவில்லை. சட்டப்படியும் பதவிப்படியும் பார்த்தால் இது தலைகீழ். ஆட்சி புரிபவர் மகள். தாய்க்கு எந்த அதிகாரமும் இல்லை.

மூதாட்டி என்பதால் எழுந்த இரக்கம் என்று இதைச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்கள் லண்டன்மீது குண்டு பொழிந்தபோது, பக்கிங்ஹாம் அரண்மனையும் தாக்கப்பட்டது. அப்போதைய அரசியான இவர் நகரை விட்டு வெளியேறவில்லை. இடிபாடுகளுக்கிடையே கிழக்கு லண்டன் ஏழைகளைப் போய்ப் பார்த்தார். நாங்களும் அடிபட்டுவிட்டோம், இனி அம்மக்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம் என்ற பொருளில் அவர் கூறியதை அந்நாட்டில் அறியாதவர் குறைவு. 1985இல் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த அறுபது வயதுக்காரருக்கு அந்தக் குண்டுவீச்சு தம் வாலிபம். வீடிழந்தது, உறவினரை இழந்தது, பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்றது எல்லாம் அந்த அம்மையாரின் தொப்பியிலும் புன்னகையிலும் சேமித்துவைக்கப்பட்டிருந்தன. பொம்மையின் கையில் ஜின்னைக் கொடுத்தபோது, கலைந்தது அவருடைய சேமிப்பு. அவர் கோபப்பட்டது அரச குடும்பத்துக்காக என்று அவரே நம்பியிருப்பார். அது தமக்காகத்தான் என்பது என் ஊகம். அறுபதுகளுக்குப் பின் பிறந்த அவருடைய பிள்ளைகள் அதே கூடத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கவும் கூடும். அவர்களுக்கு அந்தத் தொப்பியில் எதுவும் இல்லை.

இந்த ஊகத்துக்கு 1987 ஜூனில் நடந்த ஒன்று வலுச்சேர்க்கிறது. இளவரசர் எட்வர்டுக்கு அப்போது 23 வயது. அறக்கொடைக்குப் பணம் திரட்ட 'இட்ஸ் எ ராயல் நாக்அவுட்' என்ற விளையாட்டு நிகழ்ச்சியை ஆல்டன் டவர்ஸ் கேளிக்கைப் பூங்காவில் நடத்தினார். அவரும் ஆன், ஆண்ட்ரூ, சாரா ஆகியோரும் பழங்காலக் கோமான்கள்போல் உடுத்தி அணித்தலைவர்களாய் நின்று கூச்சலிட, நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் வழுக்கி விழுந்து உருண்டனர். பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் நிதி சேர்ந்தது. நோக்கத்தில் குறையில்லை. முடிந்ததும் எட்வர்டு செய்தியாளர்களிடம், எப்படி இருந்தது என்று ஆவலோடு கேட்டார். எதிர்பார்த்த பாராட்டு வரவில்லை. அவர் கோபித்துக்கொண்டு வெளியேறினார். அரச குடும்பத்தின் மதிப்பு சரியத் தொடங்கிய நாளாகவே இதைப் பின்னாளில் பலர் எழுதினார்கள்.

பொம்மைகள் மூன்றாண்டுகளாக அடித்த அடியில் விழாத ஒன்று, குடும்பத்தினர் தாமே கோமாளி வேடமிட்ட ஒரே மாலையில் ஆட்டங்கண்டது. ராஜமாதாவின் பொம்மைக்குச் சினந்தவர்களும் இளவரசரின் கூத்துக்கு முகம்சுளித்தவர்களும் ஒரே மக்கள்தாம் என்று கொண்டால், இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அரச கௌரவம் என்பது அரசருடைய உடைமையன்று என்று அம்மக்கள் உள்ளூரக் கருதினார்கள். அது அவர்கள் போட்டுவைத்த வைப்புத்தொகை. பொம்மைக்காரன் அதைத் தொடக்கூடாது, இளவரசனும் தொடக்கூடாது.

அப்படியானால் 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஜேம்ஸ் பாண்டோடு அரசி நடித்ததை உலகமே கொண்டாடியது எப்படி என்று கேட்கலாம். 2022இல், தாம் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், பாடிங்டன் என்ற கதைக்கரடியோடு தேநீர் அருந்தியதையும் கொண்டாடினார்கள். அக்காட்சிகளை நான் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் அரசி தம் இயல்பான முகத்தை மாற்றவே இல்லை. ஹெலிகாப்டரிலிருந்து குதித்தவர் வேறொருவர். மேசையில் அமளி செய்தது கரடி. அரசி கைப்பையிலிருந்து ஒரு ரொட்டித்துண்டை எடுத்துக் காட்டியதோடு சரி. நகைச்சுவை அவரைச் சுற்றி நிகழ்ந்தது, அவர்மீது நிகழவில்லை. வைப்புத்தொகையை அவர் தொடவில்லை. வட்டியில் கொஞ்சம் கொடுத்தார். கால் நூற்றாண்டுக்கு முன் மகன் செய்த தவறு தாய்க்கு நன்றாக நினைவிருந்திருக்கவேண்டும்.

'ஸ்பிட்டிங் இமேஜ்' 1996 பிப்ரவரியில் நின்றுபோனது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் டயானா மறைந்தபோது அந்தப் பொம்மைகள் திரையில் இல்லாதது நல்லதாயிற்று. இருந்திருந்தால் 1957இல் தெருவில் விழுந்த அறை எத்தனை கன்னங்களில் விழுந்திருக்குமோ. 2020இல் இணையவழி ஒளிபரப்பில் இரண்டு பருவங்களுக்கு மீண்டும் வந்தது. பழைய சூடு இல்லை. 2023இல் பர்மிங்ஹாமிலும் பிறகு லண்டனிலும் இசை நாடகமாக மேடையேறியது. அதில் ஒரு பாத்திரம் சார்லஸ், இப்போது மன்னராக. லார்ட் சேம்பர்லின் 231 ஆண்டுகள் காவல் காத்த அதே மேடையில், முடிசூட்டு விழா நடந்த அதே ஆண்டில், ஆளும் மன்னர் ரப்பர்க் காதுகளோடு நின்று பாடினார். தெருவில் யாரையும் யாரும் அறைந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

அந்த மாணவி இப்போது வேறோர் ஊரில் ஆசிரியையாக இருக்கிறாள். தொண்டைமானின் ஊர்க்காரர்களைப் பற்றி அவளுக்குச் சொல்ல என்னிடம் இன்னும் எதுவும் இல்லை. அடுத்த முறை பேசும்போது, அவர்களில் கிழவர்கள் எத்தனை பேர், போர் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று அவளிடமே கேட்கலாம் என்றிருக்கிறேன்.