மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு ரிக்கின் காது

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலித் தேர்வில் தேறி, அழைப்புக்குறி கைக்கு வந்ததும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "டீச்சர், புது ரிக்குக்கு எந்த ஃபில்டர் போடணும்? கூட என்னென்ன வாங்கணும்?" ரிக் என்பது ஹாம்களின் வானொலிப் பெட்டி. திருச்செந்தூரில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அவர்களிடம் விலைப்பட்டியலை நீட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஃபில்டர் நம் கைக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் சொல்கிறேன். எதற்காக எதை வாங்குகிறோம் என்பது அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

கதை சென்னையில் தொடங்குகிறது. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பை ஆரம்பித்தது. அரசாங்க வானொலி பிறப்பதற்கு முன்பு ஆர்வலர்கள் தங்கள் கைக்காசில் நடத்திய நிலையம் அது. 1927-இல் பணமில்லாமல் நின்றது. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சி பெற்றுக்கொண்டு 1930 முதல் 1938 வரை ஓட்டியது. அந்தக் காலத்து கிரிஸ்டல் செட்டில் ஃபில்டர் என்று தனியாக எதுவும் கிடையாது. பக்கத்து நிலையம் மிதமிஞ்சி வந்து விழுந்தால், ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவே ஒரு சுருளும் கண்டென்சரும் சேர்ந்த 'வேவ் டிராப்' ஒன்றை மாட்டினார்கள். வேண்டாத அலையை வாசலிலேயே தடுப்பது அதன் வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொல்வேன்.

உண்மையான கூர்மை 1932-இல் வந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் லாம்ப் என்பவர் க்யூஎஸ்டி இதழில், ரிசீவரின் இடைநிலை அதிர்வெண் பகுதியில் ஒரே ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டலை வைத்து மோர்ஸ் சிக்னலை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கும் வழியை விளக்கினார். குவார்ட்ஸ் தனக்கென்று உள்ள அதிர்வெண்ணில் மட்டுமே துடிக்கும். அந்தப் பிடிவாதம்தான் ஃபில்டரின் உயிர். 1939-இல் போர் வந்தது. ஹாம்கள் டிரான்ஸ்மிட்டர்களைப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-இல் மவ் நகர ராணுவ சிக்னல் பள்ளியில் இந்திய அமெச்சூர் ரேடியோ கிளப் உருவானது. 1954-இல் அது டெல்லிக்குப் போய் இந்திய அமெச்சூர் ரேடியோ சங்கம் ஆனது. ராணுவம் கழித்துப்போட்ட செட்டுகளே அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த செல்வம். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் இருந்த பிசி-348 போன்ற ரிசீவர்கள் உலகெங்கும் ஹாம்களின் மேசைக்கு வந்தபோது, உள்ளே லாம்ப் சொன்ன வகைக் கிரிஸ்டல் ஃபில்டரும் சேர்ந்தே வந்தது.

பிறகு வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த காலம். 1960-களின் நடுவில் இந்திய ஹாம்கள் ஏஎம்மை விட்டு சிங்கிள் சைட்பேண்டுக்கு மாறத் தொடங்கினார்கள். சைட்பேண்டுக்கு நல்ல ஃபில்டர் இல்லாமல் முடியாது. பேச்சுக்கு வேண்டியது சுமார் 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலம். அதற்கு வெளியே இருப்பதையெல்லாம் வெட்ட வேண்டும். காலின்ஸ் நிறுவனத்தின் மெக்கானிக்கல் ஃபில்டரும் ஜப்பானியக் கிரிஸ்டல் ஃபில்டரும் வெளிநாட்டில் கிடைத்தன. இங்கே அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு, இறக்குமதி உரிமம், சுங்கவரி. ஒரு ஃபில்டரின் விலை ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஆகவே தாங்களே செய்தார்கள்.

அப்படிச் செய்த லேடர் ஃபில்டர் என்பது ஒரே அதிர்வெண் கொண்ட நாலைந்து கிரிஸ்டல்களை வரிசையாக இணைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு கண்டென்சரைத் தரைக்கு இறக்குவது. கேட்க எளிது. ஆனால் ஒரே எண் அச்சடித்த கிரிஸ்டல்கள் ஒரே இடத்தில் துடிப்பதில்லை. சில நூறு ஹெர்ட்ஸ் விலகி நிற்கும். 1982-இல் வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகு அதன் 4.433 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பழுதுபார்க்கும் உதிரிபாகமாகக் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு பை நிறைய வாங்கி வந்து, ஆசிலேட்டரில் ஒவ்வொன்றாகச் செருகி, ஃப்ரீக்வென்சி கவுண்டரில் பார்த்து, நெருங்கியவற்றைக் கூட்டாக ஒதுக்கி வைப்பேன். பள்ளி ஆய்வகம் பூட்டிய பிறகும் அந்த வேலை ஓடும். ஐதராபாத் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ரிக்கும் இந்த வழியில் வந்ததுதான். சந்தையில் கிடைக்கும் சாதாரணக் கிரிஸ்டல்களில் லேடர் ஃபில்டர். சுருளுக்கு டொராய்டு கிடைக்காவிட்டால் தண்ணீர்க் குழாயின் வாஷர். அந்த வரைபடம் உலகம் சுற்றியது. பற்றாக்குறையிலிருந்து அவ்வளவு தெளிவான வடிவமைப்பு பிறந்ததில் எனக்கு இன்றும் பெருமைதான்.

1984-இல் ஹாம் கருவிகளுக்கு இறக்குமதி வரி விலக்கு கிடைத்தது. அந்த ஆண்டு பிரதமரான ராஜீவ் காந்தியே வியூ2ஆர்ஜி என்ற அழைப்புக்குறி கொண்ட ஹாம். ஜப்பானிய ரிக்குகள் பெருகின. எதை வாங்குவது என்ற குழப்பமும் அப்போதுதான் பிறந்தது. ஏனெனில் கென்வுட் டிஎஸ்-520 போன்ற ரிக்குகளில் மோர்ஸ் ஃபில்டருக்கு இடம் மட்டும் விட்டிருப்பார்கள். 500 ஹெர்ட்ஸ் ஃபில்டரைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். பின்னால் வந்த யேசு எஃப்டி-817-இல் ஒரே ஓர் இடம். அதில் பேச்சுக்கு 2.3 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரா, மோர்ஸுக்கு 500 ஹெர்ட்ஸா? இந்தக் கரையில் இருப்பவர்கள் தயங்காமல் 500-ஐ எடுக்க வேண்டும் என்பேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடி இரைச்சலில் பேச்சு மூழ்கிவிடும், மோர்ஸ் தப்பிக்கும். 2009 மார்ச் வரை 7100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள் உட்கார்ந்திருந்தன. பொழுது சாய்ந்தால் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையே கொதிக்கும். அகல ஃபில்டரை நம்பியவர்கள் மாலையில் செட்டை அணைத்துவிடுவார்கள்.

இப்போது விற்கும் ரிக்குகளில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. 2016-இல் வந்த ஐகாம் ஐசி-7300 ஏரியலில் வருவதை நேரடியாக எண்ணாக்கி, ஃபில்டரைக் கணக்காகவே போட்டுவிடுகிறது. 2.4 கிலோஹெர்ட்ஸோ 250 ஹெர்ட்ஸோ, குமிழைத் திருப்பினால் போதும். அப்படியானால் ஃபில்டரே வாங்க வேண்டாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். உள்ளே வேண்டாம், வெளியே வேண்டும் என்பது என் பதில். அதற்குக் காரணம் நம் ஊர்தான்.

தூத்துக்குடியில் இலங்கையைக் குறிவைத்து 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் ஆகாசவாணி. எதிர்க்கரையில் புத்தளத்திலிருந்து இந்தியாவைக் குறிவைத்து 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட். திருநெல்வேலியில் 1197. மத்திய அலை நிலத்தைவிட உப்புக் கடலின் மேல் வெகுதூரம் குன்றாமல் ஓடும்; புத்தளத்துக்கும் நமக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் மன்னார் வளைகுடா. இத்தனை வலுவும் ரிக்கின் முன்பகுதியில் ஒன்றாக மோதினால், உள்ளேயே பொய்ச் சிக்னல்கள் பிறக்கும். 882-உம் 1053-உம் கூடினால் 1935. அது 160 மீட்டர் பட்டைக்குள் விழும். 1197-இன் மும்மடங்கு 3591. அது 80 மீட்டர் பட்டை. அங்கே பாட்டுக் கேட்டால் பின்னால் எவ்வளவு குறுகிய ஃபில்டர் வைத்தும் பயனில்லை, கெடுதல் முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. ஐசி-7300-இல் அப்போது 'ஓவிஎஃப்' என்ற எச்சரிக்கை எரியும்.

மருந்து பழைய வேவ் டிராப்பின் உறவுதான்: 1.7 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர். நாலு கண்டென்சர், மூன்று சுருள், ஒரு தகரப் பெட்டி. கண்டென்சர் மைக்கா அல்லது பாலிஸ்டைரீனாக இருக்கட்டும். ரிசீவருக்கென்று தனி ஏரியல் வாய் இருந்தால் அதில் மாட்டலாம். இல்லாத ரிக்கில் 100 வாட் தாங்கும் பாகங்கள் தேவை. சின்னப் பாகங்களைப் போட்டு மைக்கை அழுத்தினால் புகைந்துவிடும். மாட்டிய பிறகும் 3591-இல் பாட்டுக் கேட்டால் அது உங்கள் ரிக்கின் பொய் அல்ல, உண்மையிலேயே காற்றில் வருவது. கழற்றி மாட்டிப் பார்க்கவே பிள்ளைகளை ஒரு மாலை உட்கார வைப்பேன்.

மற்ற துணைப்பொருள்களில் உப்புக் காற்று சொல்வதே சட்டம். கோஆக்ஸ் இணைப்பிகளை ரப்பர் டேப்பால் சுற்றி மூடாவிட்டால் செம்பு பச்சை பிடித்து, எஸ்டபிள்யூஆர் மீட்டர் ஏறிக்கொண்டே போகும். ஆகவே மீட்டரும் டேப்பும் முதலில், அழகான மேசை மைக் கடைசியில். மலிவு எல்இடி விளக்கின் மின்சுற்றும் இரைச்சல் கொட்டும். சூரசம்ஹாரத்தையொட்டித் தெருவெல்லாம் சீரியல் செட் எரியும் நாட்களில் 7 மெகாஹெர்ட்ஸில் அது நன்றாகத் தெரியும். மின்கம்பிகளில் கவ்வும் ஃபெரைட் வளையம் சில வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரியைப் பற்றி மட்டும் நான் கண்டிப்பாகவே பேசுவேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது அந்தமானில் பாரதி பிரசாத் தன் ரிக்கோடு போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசி செத்த தீவிலிருந்து அவர் குரல் வெளியே வந்தது. இலங்கையில் விக்டர் குணதிலகவும் அவரது தோழர்களும் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே தகவல் கொண்டுபோனார்கள். 2023 டிசம்பரில் நம் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றது. மின்சாரமும் கைபேசியும் சேர்ந்தே போயின. 100 வாட் ரிக் முழு வலுவில் 20 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். எஃப்டி-817 கேட்கும்போது அரை ஆம்பியருக்குள் அடங்கும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருந்தால் இரவு முழுக்கக் கேட்கலாம், நடுநடுவே 5 வாட்டில் பதிலும் சொல்லலாம். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் ஆம்பிளிஃபயரை விட்டுவிட்டு இந்தப் பேட்டரியை வாங்கச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை அதை ரிக்கில் பூட்டி ஓட்டிப் பார்க்கவும் சொல்கிறேன்.